குழாய்க்குள் இரண்டு வளையங்கள்

அண்ணிக்கு மெதுவாகப் பேச வராது. நாள் முழுக்க மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் அப்படி ஆகிவிட்டது என்பான் அவள் புருஷன். கல்யாணமாகி வந்த அன்றைக்கே அப்படித்தான் இருந்தது என்பார்கள் தெருக்காரர்கள். எப்படியோ, அவள் பால் கொட்டகைக்குள் நின்று ஒரு வார்த்தை சொன்னால், தெருக்கோடி பேக்கரிக்காரர் அடுப்பில் ரொட்டி இருப்பதையும் மறந்து காது கொடுப்பார். அவள் புருஷனைத் தெரு முழுக்க அண்ணன் என்று கூப்பிட்டதால் இவள் அண்ணியானாள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அண்ணிதான். அதில் கொஞ்சம் பயமும் கலந்திருந்தது.

அந்தக் குரல்தான் அன்றைக்குத் தையல்காரர் மனைவி மேல் பாய்ந்தது.

தையல்காரர் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். முதலில் பல் முளைக்கிற நேரம் என்று விட்டுவிட்டார்கள். பிறகு குழந்தை துவண்டு போகவே ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். தெருவில் இன்னும் சில வீடுகளில் பெரியவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த தையல்காரர் மனைவி, திரும்பிப் போகிற வழியில் கொட்டகை வாசலில் நின்றாள்.

"குழந்தை உங்க பாலத் தவிர வேற எதையும் குடிக்கல அண்ணி. ஒரு தடவ பாலப் பாருங்க."

"என் பாலயா? ஏம்மா, உன் குழந்தை தரையில கிடக்கிற பொத்தான எல்லாம் எடுத்து வாயில போடுது. என் கண்ணால பாத்திருக்கேன். அதுக்குக் கையக் கழுவி விடத் துப்பில்ல, என் பால்ல குத்தம் சொல்ல வந்துட்டியா?"

"நான் சண்டைக்கு வரல அண்ணி."

"வந்தாச்சே! நடுத்தெருவுல நின்னு சொல்லியாச்சே! கேட்டுக்கோ, எல்லாரும் கேட்டுக்கோங்க. என் பால்ல கிருமி இருந்தா இந்தக் கொட்டகைய நானே பூட்டறேன். இல்லன்னா நீ வந்து இதே வாசல்ல நின்னு, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லணும்."

தையல்காரர் மனைவி அழவில்லை. துணிப்பையை இடுப்பில் அணைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனாள். அவள் அழுதிருந்தால் அண்ணிக்கு மனசு இளகியிருக்கும். அழாமல் போனது எரிச்சலாக இருந்தது.

அண்ணியின் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கொட்டகையை அவள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். விடிவதற்கு முன்பே கேன்கள் வந்து இறங்கும். ஒவ்வொரு கேனையும் திறந்து மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பாள். பிடிக்காத கேனைத் திறந்த வேகத்திலேயே மூடித் திருப்பி அனுப்புவாள். வெள்ளைத் துணியில் வடிகட்டிய பால், அடியில் நீராவி ஓடுகிற பெரிய அண்டாவுக்குள் போகும். சூடு காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு, அங்கேயே நிற்க வேண்டிய நேரம் நிற்கும்வரை அவள் பக்கத்தை விட்டு நகரமாட்டாள். பிறகு பால் குளிர்ந்து எஃகுத் தொட்டிக்குள் இறங்கும். தொட்டிக்குள் ஒரு துடுப்பு சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அடியிலுள்ள குழாயைத் திறந்து பாட்டில்களில் பிடித்து மூடி போட்டால் வேலை முடிந்தது. "எங்க பால வீட்டுல காய்ச்ச வேணாம், மூடியத் திறந்து அப்படியே குடிக்கலாம்" என்பது அவள் எல்லாரிடமும் சொல்லுகிற பேச்சு. நம்பித்தான் குடித்தார்கள்.

அவள் கைவேலையும் சாதாரணம் இல்லை. சில வாரங்களுக்கு முன் அந்தக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான். அண்ணி பழைய குழாய் ஒன்றிலிருந்து ரப்பர் வளையத்தை உருவி, இருந்த வளையத்தோடு சேர்த்துப் போட்டு, ஸ்பேனர் சாவியால் இறுக்கிவிட்டாள். சொட்டு நின்றது. "ஒரு வளையம் கேக்கலன்னா ரெண்டு வளையம். இதுக்கு ஒரு மெக்கானிக்கு!" என்று அன்றைக்குப் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

யாரோ சொல்லிச் சுகாதார ஆய்வாளர் வந்தார். பார்த்தால் பாவமாக இருந்தார், அவருக்கே ஜலதோஷம். அண்ணி தொட்டியின் மேல்மூடியை விரியத் திறந்து, தன் கரண்டியாலேயே மொண்டு அவருடைய பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள்.

"நல்லாப் பாருங்க சார். ஒளிக்க ஒண்ணுமில்ல."

"ரிசல்ட் வர நாலஞ்சு நாள் ஆகும்மா. கிருமி இருந்தா அது வளந்து கண்ணுக்குத் தெரியணும். அதுவரைக்கும் விக்காதீங்க."

"நாலஞ்சு நாளா? மாட்டுக்கிட்ட யார் சார் சொல்றது, அதுவரைக்கும் மடிய மூடி வச்சுக்கோன்னு?"

ஆய்வாளர் தும்மிவிட்டுப் போய்விட்டார்.

கேன்காரர்கள் வாசலிலேயே திரும்பிப் போனார்கள். பேக்கரிக்காரர் மட்டும், "அடுப்புல எப்படியும் வேகப்போவுது" என்று கொஞ்சம் வாங்கிக்கொண்டார். மோட்டார் ஓடாத கொட்டகையில் அண்ணியின் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

மூன்றாம் நாள், இந்த நிலைமையில்தான் காந்தம் வந்து இறங்கினாள்.

காந்தம் அண்ணியின் நாத்தனார், அவள் புருஷனுக்கு ஒரே தங்கை. சின்ன வயசில் உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து ஒரு காந்தத்தைப் பிடுங்கிக் கயிற்றில் கட்டித் தெருப் புழுதியில் இழுத்துக்கொண்டே திரிவாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அதில் ஆணியும் ஊசியும் கொத்தாக ஒட்டியிருக்கும். சைக்கிள்காரர்கள் வாழ்த்தினார்கள், பேர் நிலைத்துவிட்டது. இப்போது நகரத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். அங்கேயும் காந்தத்தைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பது அண்ணியின் கணிப்பு.

காந்தம் மடியில் வைத்துத் தூக்கிவந்த பையிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்துச் சமையலறை மேசைமேல் வைத்தாள்.

"காலேஜ்ல எங்க சார்கிட்ட சொல்லாம தூக்கிட்டு வந்திருக்கேன் அண்ணி. நாலஞ்சு நாள் எல்லாம் வேணாம். சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள சொல்லிடும்."

"இதுவா? இது பாத்தா என் சூடு முள்ளவிடச் சின்னதா இருக்கு."

"சின்னதா இருந்தாத்தான் வேல செய்யும். இங்க பாருங்க." தீப்பெட்டி அகலத்தில் ஒரு கண்ணாடித் தகட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினாள். அதற்குள் தலைமுடி கனத்தில் ஒரு கோடு வளைந்து வளைந்து போனது. "இது கோடு இல்ல, குழாய். இதுக்குள்ளதான் பால் ஓடணும்."

"இதுக்குள்ளயா? எறும்புகூட நுழையாதே!"

"நான் சின்ன வயசுல ஆணி பொறுக்கினேன்ல, அதே வேலதான். இந்தக் குப்பியில இருக்கிற சொட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத காந்த மணிங்க லட்சக்கணக்குல இருக்கு. ஒவ்வொரு மணி மேலயும் ஒரு பசை பூசியிருக்கு. அந்தப் பசை வயித்துப்போக்கு உண்டாக்கற சால்மோனெல்லாங்கற கிருமிய மட்டும் பிடிக்கும், நல்ல கிருமியத் தொடாது. பால்ல கலந்து ஆட்டினா மணிங்க தேடிப்போய்க் கிருமிய ஒட்டிக்கும். அப்புறம் இந்தக் குழாய்ல விட்டு அடியில காந்தத்த வச்சா, பால் ஓடிடும், மணி நின்னுடும். கிருமி பிடிக்காத மணிய அலசி விட்டுட்டு, மிச்சம் எவ்வளவு நிக்குதுன்னு இந்தக் கருவி காந்தத்த வச்சே சொல்லிடும். கிருமி இருந்தா திரையில கோடு மேல ஏறும். இல்லன்னா படுத்துடும்."

அண்ணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க தங்கச்சி பேசறது உங்களுக்குப் புரியுதா?"

"ஆணிவரைக்கும் புரிஞ்சுது" என்றான் அவன்.

குளிர்பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் பாலை எடுத்துக் கொடுத்தாள் அண்ணி. விற்காமல் மிஞ்சியது, மேலே மஞ்சளாக ஏடு திரண்டிருந்தது. அதைப் பார்த்ததும் காந்தம் உதட்டைச் சுழித்தாள்.

"இவ்வளவு கொழுப்பு போனா குழாய் அடைச்சுக்கும். கடையில வாங்கற பாக்கெட் பால்ல இந்தத் தொல்லையே இல்ல."

"பின்ன? அது தண்ணி, இது பால்" என்று அண்ணி பெருமையாகச் சொன்னாள்.

பையில் கைக்கடக்கமாக ஒரு சுழற்றி வைத்திருந்தாள் காந்தம். அதில் பாலைச் சுற்றி ஏட்டை மேலே ஒதுங்க வைத்து, வழித்து ஓரமாகப் போட்டுவிட்டு, அடியிலிருந்த மெல்லிய பாலை மட்டும் எடுத்து மணிகளோடு கலந்தாள். அண்ணி அவள் தலைக்கு மேலே குனிந்து நின்றாள். அடுப்பில் வைத்தது தீய்ந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. திரையில் ஒரு கோடு வந்தது. நகர்ந்தது. நகர்ந்துகொண்டே போய்ப் படுத்துவிட்டது.

"ஏறல" என்றாள் காந்தம். அவளுக்கே மூச்சு வந்தது அப்போதுதான். "ஏறல அண்ணி!"

அண்ணி நாத்தனாரின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். பிறகு கரண்டியும் கையுமாகத் தெருவில் போய் நின்றாள். என் பால் சுத்தம், மெஷினே சொல்லிவிட்டது, நாளைக் காலையில் கொட்டகை திறக்கும், வேண்டுமென்பவர்கள் வாங்கலாம், வேண்டாமென்பவர்கள் கழுவாத கையை நக்கிக்கொண்டு இருக்கலாம் என்று அவள் சொன்னது தெருவின் இரண்டு முனைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பூட்டியிருந்த தையல்காரர் வீட்டைப் பார்த்து இன்னொரு தடவையும் சொன்னாள்.

"ஆய்வாளர் விக்க வேணாம்னு வாயால சொல்லியிருக்காரே" என்று இழுத்தான் புருஷன்.

"வாயாலதானே சொன்னாரு? நானும் வாயாலதான் விக்கறேன்."

மறுநாள் பால் விற்றது. முன்பைவிட வேகமாகவே விற்றது. அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாட்டில்களை வாங்கிப் போனார்கள். அன்று மத்தியானம், முந்தின ராத்திரியே ஒரு பாட்டில் பாலோடு நகரத்துக்குத் திரும்பிப் போயிருந்த காந்தம் மறுபடியும் வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அண்ணி, காலையில பால் வித்தீங்களா?"

"பின்ன, நீதானே சுத்தம்னு சொன்ன?"

"என் டெஸ்ட் தப்பு."

அண்ணி துடைத்துக்கொண்டிருந்த பாட்டிலை வைத்தாள்.

"இங்க இருந்து ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போனேன்ல. லேப்ல நானே அதுல கிருமி போட்டேன், சாகடிச்ச கிருமி. தெரிஞ்சே, கணக்காப் போட்டேன். அதே மாதிரி சுத்தி, ஏட்ட எடுத்துட்டு, மெஷின்ல விட்டேன். சுத்தம்னு சொல்லுது அண்ணி. நான் போட்ட கிருமியவே இல்லன்னு சொல்லுது."

"அப்படின்னா மெஷின் பொய்யா?"

"மெஷின் பொய் சொல்லல, நான்தான் முட்டாள்தனம் பண்ணேன். கிருமி கொழுப்போட ஒட்டிக்கிட்டு ஏட்டுல மேல போயிருது. குழாய் அடைக்கக்கூடாதுன்னு அந்த ஏட்டத்தானே வழிச்சுப் போட்டேன்? கிருமியத் தூரப் போட்டுட்டு, கிருமி இல்லன்னு சொல்லியிருக்கேன். லேப்ல இத்தன நாளா ஏடு இல்லாத பால்லயே பாத்துட்டிருந்ததால தெரியாமப் போச்சு. இங்க வந்ததும் முதல் வேலையா இந்தச் சோதனையத்தான் பண்ணியிருக்கணும். பண்ணல."

"ஏன் பண்ணல?"

"நம்ம வீட்டுப் பாலாச்சே. சுத்தமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே பாத்தேன். கோடு படுத்ததும் போதும்னு ஆயிடுச்சு."

அண்ணிக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"நேத்துச் சுத்தம், இன்னைக்கு இல்லையா? உன் டப்பா என்ன பச்சோந்தியா? தெரு பூரா கத்திட்டு வந்திருக்கேன்டி! காலையில அத்தன வீட்டுக்கும் என் கையால கொடுத்திருக்கேன்! படிக்கப் போறேன் படிக்கப் போறேன்னு போய், குடும்பத்து மேல மண்ண அள்ளிப் போடத்தான் படிச்சியா?"

"திட்டுங்க. நல்லாத் திட்டுங்க, நான் வாங்கிக்கறேன். திட்டி முடிச்சுட்டு ஒரு பாட்டில் கொடுங்க. இன்னொரு தடவ பாக்கணும்."

"கொடுக்கமாட்டேன்."

"நீங்க கொடுக்கலன்னா பேக்கரியில போய் வாங்கிப் பாப்பேன். பாத்துட்டு உங்ககிட்டதான் வந்து சொல்வேன். எத்தன தடவ துரத்தினாலும் வருவேன்."

அந்த வீட்டில் அண்ணியை எதிர்த்து நின்று பேசியவர்கள் அதுவரை யாரும் கிடையாது. காந்தம் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அண்ணி குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் நங்கென்று வைத்தாள்.

இந்தத் தடவை காந்தம் எதையும் வழித்துப் போடவில்லை. ஏட்டோடு பாலைக் குலுக்கி, லேசாகச் சூடாக்கி, சோப்பு மாதிரி ஒரு திரவத்தில் சில துளி விட்டுக் கொழுப்பைக் கரைய வைத்தாள். லேபிலிருந்து கொண்டுவந்திருந்த கிருமி போட்ட பாலை முதலில் ஓடவிட்டுக் கோடு ஏறுவதைக் காட்டினாள். நல்ல தண்ணீரை ஓடவிட்டுப் படுப்பதைக் காட்டினாள். பிறகு புதுத் தகடு மாட்டி, வீட்டுப் பாலை விட்டாள். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். கோடு கொஞ்ச தூரம் படுத்தே போனது. அண்ணி மனசுக்குள் அதைப் படு, படு என்று அதட்டினாள். அது அவள் அதட்டலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஏறத் தொடங்கியது.

அடுத்த வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

"சூடு பண்ணினதுல தப்பில்ல" என்றாள் அண்ணி கடைசியில். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "முள் பக்கத்துலயே நிக்கறேன். நான் நகரவே மாட்டேன், கேளு உங்கண்ணன."

"தெரியும் அண்ணி. அதுக்கப்புறம் எங்கயோ நுழையுது. வாங்க, ஒவ்வொண்ணாப் பாப்போம்."

சாயங்காலம்வரை பார்த்தார்கள். அண்ணி கொட்டகையில் முன்னால் நடந்து காட்டினாள். காந்தம் பஞ்சால் துடைத்துத் துடைத்துக் குப்பிகளில் போட்டாள். தொட்டிக்குள் இருந்த பால், கோடு படுத்தது. துடுப்பு, படுத்தது. கழுவி வைத்த பாட்டில், மூடி, அண்ணியின் உள்ளங்கை, எல்லாம் படுத்தன. கையைத் துடைக்கக் கொடுக்கும்போது அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியாகத் தொட்டிக் குழாயின் வாய். கோடு ஏறியது.

"இதத் தினமும் கழுவறேனே! வெந்நீர் விட்டுக் கழுவறேன்!"

"உள்ள கழட்டிக் கழுவறீங்களா?"

அண்ணியின் கை சாவியை எடுக்கப் போய் நின்றது. முன்பெல்லாம் தினமும் கழற்றித்தான் கழுவுவாள். இரண்டு வளையம் போட்ட பிறகு கழற்றினால் மறுபடி உட்காரவைப்பது பெரும்பாடு. ஒழுகாமல் இருக்கிறதே, கிடக்கட்டும், மேலாக வெந்நீர் விட்டால் போதாதா என்று விட்டுவிட்டாள். சாவியைப் போட்டுத் திருகினாள். வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. நகத்தால் பிரித்தாள். நடுவே மஞ்சளாக ஒரு வழவழப்பு. தினமும் முகர்ந்து முகர்ந்து கேன்களைத் திருப்பி அனுப்புகிற அந்த மூக்குக்கு அதை முகர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை.

காந்தம் அதைத் துடைத்துக் கருவியில் விட்டபோது கோடு திரையின் உச்சிக்கே போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. அண்ணியின் புருஷன் எடுத்துப் பேசினான். பேசப் பேச அவன் முகம் மலர்ந்தது. பேக்கரிக்காரரும் ரொட்டிக்குப் பால் கேட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார்.

"ஆய்வாளர்தான். ரிசல்ட் வந்துடுச்சாம். நம்ம பால்ல ஒண்ணுமே இல்லையாம்! தாராளமா விக்கலாம்னுட்டாரு!"

"அவர் தொட்டியில இருந்துதானே அண்ணா எடுத்தாரு" என்றாள் காந்தம். "தொட்டி சுத்தம்தான், நானும் பாத்துட்டேன். குழாய்லதான் இருக்கு."

"இதோ கழட்டியாச்சுல்ல. புது வளையம் போட்டுடலாம். தீந்தது. கவர்மெண்ட்டே சுத்தம்னு சொல்லிட்டான், உன் டப்பாவ யாரு கேட்டா?"

"அதானே" என்றார் பேக்கரிக்காரர். "இப்ப என்ன, கிருமி எந்த வழியா வந்துச்சுன்னு யாருக்குத் தெரியப்போவுது? அண்ணி, நான் வெளியில வாயத் திறக்கமாட்டேன். உங்க கொட்டகை மூடினா என் அடுப்பும் பாதி அணைஞ்ச மாதிரிதான்."

அண்ணி வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரியில அந்தக் குழந்தைக்கு என்ன கிருமின்னு கண்டுபிடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றாள் காந்தம். "அவங்களும் வளத்துத்தான் பாக்கறாங்க. எதுன்னு தெரியாம இருக்கறதால டாக்டர் பொதுவா ஏதோ மருந்து ஏத்திட்டிருக்காரு. நம்ம டெஸ்ட் குழந்தைக்கு எடுத்தது இல்ல. ஆனா இது டாக்டருக்குத் தெரிஞ்சா எந்தப் பக்கம் தேடணும்னாவது தெரியும். இன்னைக்கே தெரியணும்."

"சொல்லலன்னா?"

"அந்த ரிசல்ட் வர்றவரைக்கும் அப்படியே கிடக்கும்."

"இந்தா, இங்க பாரு" என்று புருஷன் அண்ணியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "டாக்டருக்கு நாம ரகசியமா ஒரு போன் போட்டுச் சொல்லிடலாம். தெருவுக்குத் தெரிய வேணாம். ஒரு மாசம் போனா எல்லாரும் மறந்துடுவாங்க."

"காலையில வாங்கின பாட்டில் வீட்டுக்கு வீடு இருக்குங்க. அதையும் போன்லயே திருப்பி வாங்கிடுவீங்களா?"

"அதுக்கில்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"நான் எந்தக் குரல்ல சுத்தம்னு கத்தினேன்? ரகசியமாவா கத்தினேன்? அந்தப் பொண்ணு குழந்தையப் போட்டுட்டு வந்து நிக்கறா, அவ கையக் கழுவலன்னு நடுத்தெருவுல சொன்னேன். கழுவாதவ நான்." அண்ணியின் குரல் ஏறிக்கொண்டே போனது. "கவர்மெண்ட் சொல்லிட்டா என் மூக்க நான் அறுத்துப் போட்டுடணுமா? என் கொட்டகையப் பத்தி எனக்குத் தெரியாதது கவர்மெண்ட்டுக்குத் தெரியுமா? தெரிஞ்சே ஒரு பாட்டில் வித்தேன்னா அதுக்கப்புறம் நான் பால்காரி இல்ல, வேற எவளோ."

"வியாபாரம் போயிடும்டி!"

"போகட்டும்! பால் போனா தண்ணி வித்துப் பொழைக்கறேன். வழிய விடுங்க."

பேக்கரிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். காந்தம் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

தையல்காரர் வீட்டில் விளக்கு எரிந்தது. மாற்றுத்துணி எடுக்க அவர் மனைவி மறுபடி வந்திருந்தாள். பையோடு படியிறங்கியவள் அண்ணியைப் பார்த்ததும் நின்றாள். கண் உள்ளே போயிருந்தது. கட்டியிருந்த புடவை இரண்டு நாளாக மாற்றாதது போலக் கசங்கியிருந்தது.

"என்ன அண்ணி, நான் தப்பாச் சொல்லிட்டேன்னு இப்பவே சொல்லணுமா? பஸ்சுக்கு நேரமாச்சு."

"என் பால்தாம்மா" என்றாள் அண்ணி.

அது அவளுக்குத் தெரியாமலேயே மெதுவாக வந்துவிட்டது. தெருவில் யாருக்கும் கேட்டிருக்காது. அடுத்த வீட்டு ஜன்னலில் நின்றவள்கூட என்ன, என்ன என்று உள்ளே திரும்பிக் கேட்டாள்.

"என் பால்லதான் கிருமி. குழாய்ல இருந்துச்சு, என் தப்பு. கிருமி பேரு இவளுக்குத் தெரியும், உன்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர்கிட்டச் சொல்லுவா. கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுவா."

தையல்காரர் மனைவி காந்தத்தைப் பார்த்தாள். காந்தம் தலையாட்டினாள். தையல்காரர் மனைவி பையைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்காமல் நிமிர்ந்து நின்றாள்.

"அன்னைக்குத் தெரு பூராக் கேட்டுச்சு அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் பாக்க வர்றவங்ககூட, கையக் கழுவி விட மாட்டியாம்மான்னு என்னயத்தான் கேக்கறாங்க. என் மாமியார் கேக்கறாங்க. எனக்கே ராத்திரியெல்லாம் அப்படித்தான் தோணுச்சு. இப்பச் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு."

அண்ணி அவளைப் பார்த்தாள். பின்னாலிருந்து இரும்புச் சக்கரம் உருளுகிற சத்தம் வந்தது. அண்ணியின் புருஷன் பால் வண்டியைக் காலியாகத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் மேலெல்லாம் பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது. மிஞ்சிய பாட்டில்களைப் பவுடர் போட்டுக் கொட்டிவிட்டுத்தான் வந்திருந்தான். யார் முகத்தையும் பார்க்காமல், "வாங்கினவங்க பாட்டிலத் திருப்பிக் கொடுத்தா வண்டியில அடுக்கிக்கலாம்" என்றான்.

அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தாள். அன்றைக்கு நின்ற அதே இடம். கதவுகள் திறந்தன, ஜன்னல்களில் தலைகள் வந்தன, பேக்கரி வாசலிலும் ஆள் வந்து நின்றது. அவள் மூச்சை நன்றாக இழுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! என் பால்லதான் கிருமி இருந்துச்சு! குழாய நான்தான் கழட்டிக் கழுவல! தையல்காரர் வீட்டம்மா சொன்னது சரி! அந்தக் குழந்தை கையில ஒண்ணுமில்ல! காலையில வாங்கின பால யாரும் குடிக்காதீங்க, பாட்டிலக் கொண்டாந்து கொடுங்க! கொட்டகை பூட்டியாச்சு!"

தையல்காரர் மனைவி பையை எடுத்துக்கொண்டாள்.

"பேக்கரி தாண்டி என் மாமியார் வீடு" என்றாள். "அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அண்ணி அந்தப் பக்கம் திரும்பி, இன்னும் சத்தமாக, முதலிலிருந்து சொன்னாள்.